ஹெண்ட்லியின் பாதி – கடிதமும் பதிலும்

வணக்கம்.

1965-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த டாட்ஜர்ஸ் – கப்ஸ் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் குடும்பம் ஒஹாயோவில் இருக்கிறது. வருஷத்தில் சில மாதங்கள் அங்கே போய் இருப்பேன். பேரன் பேஸ்பால் ஆடுகிறான். மைதானத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என் கையில் அவனுடைய கோச் ஸ்கோர் நோட்டைக் கொடுத்துவிட்டார். கட்டம் கட்டமாக நிரப்புகிற வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. இப்போது அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கெல்லாம் கணக்குப்பிள்ளை நான்தான்.

உங்கள் கட்டுரையை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். "ஒருத்தனும் அடிக்கல, ஒருத்தனும் ஓடல, கடைசில 1–0. இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். அவருக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

எனக்கு இருப்பது வேறு கேள்வி. கொஞ்சம் கோபமும்தான். டாட்ஜர்ஸுக்காகப் பந்து வீசிய சாண்டி கூஃபாக்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள், எதிரணியான கப்ஸுக்காக வீசிய பாப் ஹெண்ட்லிக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறீர்கள். "எதிரே வீசிய ஹெண்ட்லியும் அன்று நன்றாகவே வீசினார்." நன்றாகவே வீசினாராம்! பேட்டர் பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸுக்குப் போய்ச் சேர்வதுதானே ஹிட், ஆட்டம் முழுக்க ஒரே ஒரு ஹிட் கொடுத்திருக்கிறார் அந்த மனுஷர். பரீட்சை ரிசல்ட் வருகிற அன்று நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையை எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். தொண்ணூற்றொன்பது வாங்கிய பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதினேன்.

அன்புடன்,
ச., கும்பகோணம்

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கோபம் நியாயமானது. அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. உங்கள் கடிதத்தில் திரும்பப் பார்த்தபோது உறுத்தியது. ஆட்டத்தின் ஒரு பாதியைக் கவனிக்காமல் விட்டவன் எழுதுகிற வாக்கியம் அது.

விட்டதற்குக் காரணம் நான் அந்த ஆட்டத்துக்குள் நுழைந்த வாசல். டாட்ஜர்ஸின் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி ஒன்பதாவது இன்னிங்ஸுக்குச் செய்த ரேடியோ வர்ணனையின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. ரேடியோ வர்ணனை கேட்டே விளையாட்டைக் கற்றுக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஒருவர் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கண்முன் கட்டி எழுப்புவது எனக்குப் பழகின காரியம். ஸ்கல்லியின் அந்தப் பதிவை எத்தனை இரவுகள் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஆனால் அந்தப் பதிவு தொடங்கும்போது ஹெண்ட்லியின் வேலை முடிந்துவிட்டது. கப்ஸ் அணியின் கடைசி மூன்று பேட்டர்கள் வருகிறார்கள், கூஃபாக்ஸ் வீசுகிறார், அவ்வளவுதான். அந்த வாசல் வழியாக வருகிறவர் கண்ணுக்கு கூஃபாக்ஸ் ஒருவர்தான் தெரிவார்.

உங்கள் கடிதம் வந்த பிறகு, நீங்கள் பேரனுக்குச் செய்வதை நானும் செய்து பார்த்தேன். இரண்டு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிறிய வைரம் வரைந்து, முதல் பந்திலிருந்து அந்த ஆட்டத்தை நிரப்பினேன். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பேட்டர் முதல் பேஸுக்குப் போனால் வைரத்தின் ஒரு பக்கத்தில் கோடு இழுக்கவேண்டும். இரண்டாவதுக்குப் போனால் இரண்டாவது பக்கம். நான்கு பக்கமும் முடிந்து ஹோம் பிளேட்டுக்கு வந்துவிட்டால் உள்ளே கறுப்பாக நிரப்பவேண்டும், அது ஒரு ரன்.

கப்ஸ் தாளில் 27 கட்டம். ஒன்றில்கூடக் கோடு இல்லை. அடிக்கக்கூடிய பந்தை மூன்று முறை தவறவிட்டு அவுட்டாவது ஸ்ட்ரைக் அவுட், அதைக் குறிக்கும் 'கே' 14 இடத்தில். இது எனக்குத் தெரிந்ததுதான். ஒருவரையும் பேஸுக்கு விடாமல் 27 பேரையும் அவுட்டாக்குவது, பெர்ஃபெக்ட் கேம் என்றால் அதுதானே. அடுத்த தாளைப் போட்டு முடித்தபோதுதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். டாட்ஜர்ஸ் தாளில் 26 கட்டம். அதில் 24 கட்டங்களில் கோடு இல்லை. இரண்டே கட்டங்களில் பேனா ஓடியிருக்கிறது. இரண்டும் ஒரே வரிசையில், ஒரே ஆளுக்கு. லூ ஜான்சன். அந்த இரவில் இரண்டு அணிகளையும் சேர்த்து பேஸில் கால் வைத்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தால் எது ஜெயித்தவருடையது, எது தோற்றவருடையது என்று சட்டென்று சொல்லமுடியாது.

அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1965 செப்டம்பர் 9, வியாழக்கிழமை இரவு. டாட்ஜர் ஸ்டேடியத்தில் 29,139 பேர். டாட்ஜர்ஸும் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸும் லீக் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டிருந்த மாதம் அது. ஷிகாகோ அணியான கப்ஸ் பட்டியலின் கீழே கிடந்தது. ஆனாலும் அவர்களுடைய பேட்டிங் வரிசை லேசுப்பட்டதல்ல. பில்லி வில்லியம்ஸ், ரான் சான்டோ, எர்னி பேங்க்ஸ் என்று அடுத்தடுத்து வந்த மூன்று பேரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள்.

கூஃபாக்ஸுக்கு அப்போது வயது 29. அதற்கு முந்தைய மூன்று வருடங்களிலும் வருடத்துக்கு ஒரு நோ-ஹிட்டர், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம், வீசியிருந்தார். இடது முழங்கையில் மூட்டுவாதம். ஆட்டம் முடிந்ததும் கையை ஐஸ் தண்ணீரில் முக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் பலரும் சொல்லிவிட்ட கதை, நானும் சொல்லிவிட்டேன்.

ஹெண்ட்லிக்கு வயது 26. அவரும் இடது கை. அவருக்கும் முழங்கைத் தொந்தரவு உண்டு. மில்வாக்கி பிரேவ்ஸில் ஆரம்பித்து, ஜயண்ட்ஸுக்குப் போய், அந்த 1965 மே மாதக் கடைசியில் ஹார்வி கீன் என்ற மூத்த பேட்டரோடு சேர்த்து கப்ஸுக்கு மாற்றப்பட்டவர். கோடையில் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டு, செப்டம்பரில்தான் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். கூஃபாக்ஸுக்கு எதிராக இவரைப் போட்டபோது கப்ஸ் ரசிகர் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

முதல் நான்கு இன்னிங்ஸில் கூஃபாக்ஸிடம் வந்தவர்கள் 12 பேர், 12 அவுட். ஹெண்ட்லியிடம் வந்தவர்கள் 12 பேர், 12 அவுட். இதை நான் கட்டுரையில் சொல்லவே இல்லை. நான்கு இன்னிங்ஸ் முடிவில் அங்கே நடந்துகொண்டிருந்தது இரண்டு பெர்ஃபெக்ட் கேம்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு இந்த இடத்தில் பதில் சொல்லத் தோன்றுகிறது. ஒருத்தனும் அடிக்கவில்லை, ஒருத்தனும் ஓடவில்லை என்கிறார். ஐயா, அடிக்க முயலாமல் யாரும் திரும்பிப் போகவில்லை. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் நாள் முழுக்கத் தடுத்துக்கொண்டே நிற்கலாம். மெய்டன் ஓவர் என்பது அநேகமாக இரண்டு பேரும் சம்மதித்து நடப்பது. பேஸ்பாலில் அந்தச் சம்மதம் கிடையாது. மூன்று ஸ்ட்ரைக்குக்குள் அவர் ஏதாவது செய்தாகவேண்டும். அடித்த பந்து மைதானத்தின் கோட்டுக்குள் விழுந்தால் ஓடியாகவேண்டும், ஓடினால் பந்து அவரை முந்தக்கூடாது. ஒவ்வொரு அவுட்டும் ஒரு முழுச் சண்டை. இரண்டாவது இன்னிங்ஸில் பைரன் ப்ரௌன் என்ற இளைஞர் வந்தார். பெரிய லீகில் அதுதான் அவருடைய முதல் ஆட்டம், முதல் முறையாக மட்டை பிடிக்கிறார், எதிரே கூஃபாக்ஸ். அடித்தார், நன்றாகவே அடித்தார். பந்து தாழ்வாக, நேர்க்கோட்டில் நடு மைதானத்துக்குப் போனது. அங்கே வில்லி டேவிஸ் நின்றிருந்தார். சில அடி தள்ளிப் போயிருந்தால் அந்த இரவைப் பற்றி இன்று யாரும் பேசிக்கொண்டிருக்கமாட்டோம். ஸ்கோர் தாளில் அது வெறும் ஓர் அவுட். மற்ற 26 அவுட்டுகளோடு கலந்து கிடக்கிறது.

ஸ்கோர் குறைந்த ஆட்டத்தில் பார்ப்பதற்கு இருப்பது இதுதான். எதுவும் ஆறிப்போய்விடுவதில்லை. 9–2 என்று ஓடும் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் ஒரு பந்து தவறினால் யாரும் தலை நிமிரமாட்டார்கள். 0–0 ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் பந்துக்கும் முதல் இன்னிங்ஸ் பந்துக்கு இருந்த அதே எடை இருக்கும். பிடிக்கவேண்டிய கைகள் மட்டும் அதற்குள் களைத்திருக்கும்.

ஐந்தாவது இன்னிங்ஸுக்கு வருவோம். உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

டாட்ஜர்ஸ் பக்கம் முதலில் வந்தவர் லூ ஜான்சன். பத்து வருடத்துக்கு மேல் சின்னச் சின்ன ஊர் அணிகளில் அலைந்தவர். அந்த வருடம் மே மாதம் டாமி டேவிஸின் கணுக்கால் உடைந்ததால்தான் அவருக்கு இந்த இடமே கிடைத்தது. ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகிற பந்து 'பால்', நான்கு பால் வந்தால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். ஹெண்ட்லி அவருக்கு நான்காவது 'பால்' வீசிவிட்டார். வாக். அந்த ஆட்டத்தில் ஹெண்ட்லி செய்த தவறு என்று தாளில் தெரிவது இது ஒன்றுதான், அம்மா. சிவப்பு மையால் சுழிக்க வேண்டுமானால் இந்த ஓர் இடத்தைத்தான் சுழிக்கலாம்.

அடுத்து ரான் ஃபேர்லி. அவர் பந்தை அடிக்கவில்லை, மட்டையால் மெல்லத் தட்டிவிட்டார். பன்ட். தான் அவுட்டாகி ஜான்சனை இரண்டாவது பேஸுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது ஆள் மட்டையோடு நிற்கிறார். ஹெண்ட்லி வீசுகிறார். யாரும் பந்தை அடிக்காமலே ஜான்சன் அடுத்த பேஸைத் 'திருட' ஓடுகிறார்.

இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவது பேஸுக்கு 90 அடி. கேட்சர் கிறிஸ் க்ரூக் பந்தைப் பிடித்து, நிமிர்ந்து, மூன்றாவது பேஸில் நின்ற சான்டோவுக்கு எறியவேண்டும். எறிந்தார். பந்து உயர்ந்துவிட்டது. சான்டோவின் தலைக்கு மேலே போய் இடது மைதானத்தில் உருண்டது. ஜான்சன் நிற்காமல் ஹோம் பிளேட்டுக்கு வந்துவிட்டார். 1–0. ஒரு வாக், ஒரு பன்ட், ஒரு திருட்டு, ஒரு தவறான எறி. இந்த ரன்னில் மட்டையின் பங்கு அந்த ஒரு தட்டல் மட்டும்தான். டாட்ஜர்ஸுக்கு அதுவரை ஒரு ஹிட்கூட இல்லை.

இதை அதிர்ஷ்டம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வருட டாட்ஜர்ஸ் அணியே இப்படித்தான் பிழைத்தது. மொத்த சீசனுக்கும் 78 ஹோம் ரன்தான், லீகிலேயே குறைவு. ஆனால் மோரி வில்ஸ் ஒருவரே 94 பேஸ் திருடினார். ஒரு வாக், ஒரு தட்டு, ஒரு ஓட்டம் என்று ஒரு ரன்னைத் திரட்டுவார்கள், மிச்சத்தைக் கூஃபாக்ஸும் இன்னொரு பிட்சரான டான் ட்ரைஸ்டேலும் பார்த்துக்கொள்வார்கள். க்ரூக் தானாகப் பதறி எறியவில்லை. ஜான்சன் ஓடியதால் எறிய நேர்ந்தது. ஓடுகிறவன் கேட்சரின் கையை அவசரப்படுத்துகிறான், அவனுடைய வேலையே அது.

ஸ்கோர் போடுகிறவர்களுடைய நியாயம் ஒன்று உண்டு, அதை நீங்கள் அறிவீர்கள். ஃபீல்டரின் பிழையால் வந்த ரன்னைப் பிட்சரின் கணக்கில் ஏற்றமாட்டார்கள். அதன்படி ஹெண்ட்லியின் பெயருக்கு நேராக எழுதியிருப்பது: 8 இன்னிங்ஸ், 1 ஹிட், 1 வாக், கணக்கில் ஏறிய ரன் 0. அதற்குப் பக்கத்திலேயே 'தோல்வி'.

அந்த ரன்னுக்குப் பிறகு நடந்ததுதான் என்னை உங்கள் கட்சிக்கு முழுசாக இழுத்தது. தான் விடாத ரன் ஒன்று பலகையில் ஏறிவிட்டது. எதிரே இருப்பவர் கூஃபாக்ஸ், திரும்ப எடுக்க வழியும் தெரியவில்லை. அந்த இடத்தில் மனசு விட்டுப்போகிற பிட்சர்கள் உண்டு. ஒரு வாக் கொடுத்து, அதைச் சரிக்கட்ட ஒரு பந்தை நடுவில் போட்டு, மூன்று ரன் விட்டுவிட்டுப் போவார்கள். ஹெண்ட்லி அதற்குப் பிறகு 12 பேருக்கு வீசினார். 11 பேர் அவுட்.

அவுட்டாகாத அந்த ஒருவரும் ஜான்சன்தான். அதற்குச் சற்று முன்பு, ஏழாவது இன்னிங்ஸின் முதல் பாதியில், கூஃபாக்ஸ் பில்லி வில்லியம்ஸுக்கு எதிராக மூன்று பால் வீசிவிட்டு ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லாமல் மாட்டிக்கொண்டார். இன்னும் ஒன்று வெளியே போனால் வாக், பெர்ஃபெக்ட் கேம் போயிற்று. நடுவில் போட்டால் அடிக்கிறவர் வில்லியம்ஸ், ஒரே அடியில் ஆட்டம் சமனாகிவிடும். இரண்டு பக்கமும் பள்ளம். கூஃபாக்ஸ் இரண்டு ஸ்ட்ரைக் எடுத்தார். பிறகு வில்லியம்ஸ் தூக்கி அடித்த பந்து இடது மைதானத்துக்குப் போனது. பிடித்தவர் லூ ஜான்சன். அடுத்த பாதியில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு அதே ஜான்சன் மட்டையோடு வந்து, ஹெண்ட்லியின் பந்தை மட்டையின் ஓரத்தில் வாங்கினார். அது சரியாகப் படாத பந்து. முதல் பேஸுக்குப் பின்னால், வலதுபக்க மைதானத்தின் கோட்டோரம் சொத்தென்று விழுந்தது. பேங்க்ஸ் பின்னாலேயே ஓடியும் எட்டவில்லை. ஜான்சன் இரண்டாவது பேஸ்வரை போனார். அதுதான் அந்த ஆட்டத்தின் ஒரே ஹிட். இரண்டு அணிகளையும் சேர்த்து ஒன்றே ஒன்று. அடுத்து வந்த ஃபேர்லியை ஹெண்ட்லி அவுட்டாக்கினார். ஹிட் வந்த இன்னிங்ஸில் ரன் வரவில்லை, ரன் வந்த இன்னிங்ஸில் ஹிட் இல்லை. தாளில் அந்த இரண்டு கட்டமும் ஒரே வரிசையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

இப்போது உங்கள் நூறு–தொண்ணூற்றொன்பது உதாரணம். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்ற பிள்ளை எனக்கும் மனசில் நிற்கிறது. ஆனால் ஓர் இடத்தில் உங்களிடமிருந்து விலகவேண்டியிருக்கிறது. பரீட்சை ஹாலில் ஒருவர் எழுதுவது மற்றவருடைய தாளைத் தொடுவதில்லை. நூறு வாங்கிய பிள்ளைக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கிய பிள்ளை எதுவும் செய்யவில்லை. இங்கே அப்படியில்லை. ஹெண்ட்லி அன்று ஐந்து ரன் விட்டிருந்தால் கூஃபாக்ஸ் வில்லியம்ஸுக்கு நடுவில் ஒரு பந்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டிருக்கலாம். ஹோம் ரன் போனாலும் ஆட்டம் போகாது. பெர்ஃபெக்ட் கேம் ஒன்றுதான் போகும். பலகையில் ஒரே ஒரு ரன்னை வைத்துக்கொண்டு கடைசிவரை நெஞ்சைப் பிடித்து வீசவேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியவர் ஹெண்ட்லி. ஒன்று இரண்டாகாமல் பார்த்துக்கொண்டது அவருடைய 11 அவுட். கூஃபாக்ஸின் இரவு என்று நாம் சொல்கிறோமே, அதன் இறுக்கத்தில் பாதி ஹெண்ட்லி கொடுத்தது. ஆகவே இரண்டாம் பரிசு வாங்கியவர் என்ற வகையில் நான் அவரை நினைக்க விரும்பவில்லை. ஒரே கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தவர்கள் இவர்கள். ஒரு முனையில் பிடி தளர்ந்திருந்தால் கயிறு தொய்ந்திருக்கும்.

இதைப் புரிந்துகொண்டு ஸ்கல்லியின் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். வேறு ஆட்டமாகத் தெரிந்தது.

எட்டாவது இன்னிங்ஸில் சான்டோ, பேங்க்ஸ், ப்ரௌன் மூவரும் ஸ்ட்ரைக் அவுட். பேங்க்ஸுக்கு அன்று அது மூன்றாவது முறை. ஒன்பதாவதில் முதலில் வந்தவர் யார் தெரியுமா? க்ரூக். பந்தைத் தலைக்கு மேலே எறிந்த அதே கேட்சர். இத்தனை காலம் அவரை 'கடைசி மூன்று பேரில் ஒருவர்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தான் விட்ட ரன்னைத் தானே திருப்பியெடுக்க ஒரு வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்கிறது. அவரும் ஸ்ட்ரைக் அவுட். அடுத்து கெஸ்ஸிங்கர் என்ற பேட்டருக்குப் பதிலாக ஜோ அமால்ஃபிடானோ வந்து நிற்கும்போது, பிட்சர் நிற்கும் மேடுதான் இந்த நேரத்தில் உலகத்திலேயே தனிமையான இடம் என்று ஸ்கல்லி சொல்கிறார். எனக்கு அந்த வரி வரும்போதெல்லாம் மேட்டில் நிற்பவர்தான் கண்ணுக்குத் தெரிவார். இந்தமுறை மட்டையோடு திரும்பிப்போன க்ரூக்தான் தெரிந்தார். அவரும் ஸ்ட்ரைக் அவுட்.  

27-வது இடம் ஹெண்ட்லியுடையது. அப்போதெல்லாம் பிட்சரும் மட்டை பிடிக்கவேண்டும். ஒரு ரன் பின்தங்கி, இரண்டு அவுட்டான நிலையில் பிட்சரை யாரும் அனுப்பமாட்டார்கள். அவருக்குப் பதிலாக ஹார்வி கீன் வந்தார், மே மாதம் ஹெண்ட்லியோடு சேர்ந்து ஷிகாகோவுக்கு வந்த அதே கீன். 1959-ல் அமெரிக்கன் லீகின் பேட்டிங் சாம்பியன். 1963-ல் ஜயண்ட்ஸுக்கு எதிராகக் கூஃபாக்ஸ் நோ-ஹிட்டர் வீசியபோதும் கடைசி அவுட் இவர்தான். ஸ்கல்லி பலகையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்கிறார், 9:46. அந்த நிமிடத்தைப் பதிவில் நிறுத்திவைக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கீன் மட்டையை வீசிப் பார்த்தார், படவில்லை. அதன் பிறகு ஸ்கல்லி அரை நிமிடத்துக்கும் மேலாக வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல் மட்டும்தான். மொத்த ஆட்டமும் 1 மணி 43 நிமிடத்தில் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள், ஒரு சினிமாவைவிடக் குறைந்த நேரம்.

அந்தக் காலத்து விதிகளும் பிட்சர்களுக்குச் சாதகமாக இருந்தன என்பதைச் சொல்லாவிட்டால் பேட்டர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். பிட்சர் நிற்கும் மேடு அன்று 15 அங்குல உயரம். 1963-ல் ஸ்ட்ரைக் எல்லையையும் பெரிதாக்கியிருந்தார்கள். 1968-ல் பேட்டர்கள் பாடு மிகவும் மோசமாகிப்போனதும், அடுத்த வருடமே மேட்டை 10 அங்குலமாகக் குறைத்து எல்லையையும் சுருக்கினார்கள். ஆனால் இந்தச் சலுகை கூஃபாக்ஸுக்கு எவ்வளவோ ஹெண்ட்லிக்கும் அவ்வளவே.

ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 14 அன்று, ஷிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் இரண்டு பேரும் மறுபடி எதிரெதிரே வீசினார்கள். பில்லி வில்லியம்ஸ் இந்தமுறை விடவில்லை, ஹோம் ரன் அடித்தார். கப்ஸ் 2, டாட்ஜர்ஸ் 1. ஜெயித்தவர் ஹெண்ட்லி. இந்த ஆட்டத்தைப் பற்றியும் என் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. இது தெரிந்தால் அந்தப் பிள்ளையின் அழுகை கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கூஃபாக்ஸ் அந்த வருடம் 26 ஆட்டம் ஜெயித்து, 382 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த வருடம், 30 வயதிலேயே, கைவலியால் ஆட்டத்தை விட்டார். ஹெண்ட்லி 1967 வரை தாக்குப்பிடித்தார். மொத்தம் 48 வெற்றி, 52 தோல்வி. அந்த 52-ல் ஒன்றுதான் நாம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஜார்ஜியா மாநிலத்தில் தன் ஊரான மேகனுக்குத் திரும்பிப் போனார். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் பேஸ்பால் கோச்சாகவும் இருந்தார். உங்கள் தொழில்தான் அம்மா.

பல வருடம் கழித்துக் கூஃபாக்ஸ் அவருக்கு ஒரு பந்து அனுப்பினார். 'என்ன ஓர் ஆட்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கூடவே கைப்பட எழுதிய ஒரு சிறு குறிப்பும் இருந்தது, வாழ்க்கை உங்களை நன்றாக வைத்திருக்கும் என்று நம்புகிறேன் என்று. அந்த இரவில் மேட்டில் மாறி மாறி நின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு இதெல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அந்த இரண்டு ஸ்கோர் தாளையும் உங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவசரத்தில் ஆறாவது இன்னிங்ஸில் எங்காவது தப்பாகப் போட்டிருந்தால் திருத்திவிடுங்கள். பேரனிடம் காட்டும்போது டாட்ஜர்ஸ் தாளை முதலில் காட்டுங்கள்.

அன்புடன்